மாஸ்டடானில் சேர காசு வாங்கலாமா?

கேள்வி (கோவிந்தாபுரத்திலிருந்து ஒரு வாசகர்)
3 ஜூன் 2025

ஃபேஸ்புக்கில் சேர காசில்லை. எக்ஸில் காசில்லை. வாட்ஸாப்பில் காசில்லை. முதலாளி இல்லாத இடம், விளம்பரம் இல்லாத இடம் என்று நீங்கள் சொன்னதை நம்பி ட்விட்டர் மாதிரியான மாஸ்டடான் பக்கம் வந்தால், கணக்கு தொடங்கும் முன்பே மாதம் 50 ரூபாய் என்கிறீர்கள். மக்களுடைய வலை என்றால் மக்களுக்கு இலவசமாகத்தானே இருக்க வேண்டும்? காசு வாங்கினால் உங்களுக்கும் கம்பெனிக்காரனுக்கும் என்ன வித்தியாசம்?

3 ஜூன், இரவு 9.40

அண்ணா, காசு வாங்கத்தான் வேண்டும்.

நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டு மெட்டாவுடையவை. 2024-இல் அந்தக் கம்பெனியின் வருமானம் 164 பில்லியன் டாலருக்கு மேல். கிட்டத்தட்ட முழுவதும் விளம்பரத்தில் வந்தது. 2023 நவம்பரில் ஐரோப்பாவில், விளம்பரம் இல்லாமல் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வேண்டுமென்றால் மாதம் 9.99 யூரோ கட்டுங்கள் என்று விலை வைத்தார்கள். மொபைல் ஆப் வழியாகக் கட்டினால் 12.99. அதாவது உங்கள் கண்ணுக்கு முன்னால் ஓடும் விளம்பரத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. அதை நீங்கள் தினமும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். ட்விட்டர் மஸ்க் கைக்குப் போன சூட்டோடு, 2022 நவம்பரில் மூன்று பேர் சேர்ந்து இந்தச் சர்வரைத் தொடங்கினோம். மாஸ்டடான் என்பது இப்படித் தனித்தனி ஆட்கள் நடத்தும் சர்வர்கள் பல சேர்ந்த வலை. நான் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் ஒரு பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன். இன்னொருவர் ஆந்திராவில் நகரியில் விசைத்தறி ஓட்டுகிறார். மூன்றாமவருக்கு திருவனந்தபுரம் பக்கம் பாறசாலையில் மொபைல் பழுதுபார்க்கும் கடை. சர்வர் வாடகை மாதம் 1,350 ரூபாய். படங்கள் வைக்கும் இடத்துக்கு 420. பேக்கப்புக்கு 310. டொமைன் பெயருக்கு ஆண்டுக்கு ஒருமுறை கட்டுவதை மாதத்துக்குப் பிரித்தால் 70. மொத்தம் 2,150.

படங்கள் வைக்க ஏன் தனியாகக் காசு என்று கேட்பீர்கள். நம் ஆள் ஒருவர் ஜெர்மனியில் இருக்கும் ஒருவரைப் பின்தொடர்ந்தால், அவர் போடும் படத்தின் நகல் நம் சர்வருக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். மாஸ்டடான் வேலை செய்யும் விதம் அது. ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால், நாம் போடாத படங்களே 30 ஜிபி சேர்ந்துவிடும். ஏழு நாளுக்கு மேல் பழையதை அழிக்கச் சொல்லி வைத்திருக்கிறோம். அப்படியும் இந்தச் செலவு.

முதல் 17 மாதம் நாங்கள் மூன்று பேரும் கைக்காசு போட்டோம். 2024 ஏப்ரலிலிருந்து மாதம் 50 வாங்குகிறோம். இதில் லாபம் பார்க்கும் முதலாளி யாரும் இல்லை.

4 ஜூன், காலை 8.15

காலைப் பால் எடுப்பு முடிந்து உட்கார்ந்ததும் நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை. நீங்கள் கேட்டது சேருவதற்குக் காசு. நான் சொன்னது நடத்துவதற்குக் காசு. இரண்டும் ஒன்று என்று ஓர் ஆண்டாக நானும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல.

இன்னொன்று. "மாஸ்டடானில் சேர காசு" என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஒரே வாசல் இருந்தால்தான் வாசலில் உட்கார்ந்து காசு வாங்க முடியும். இங்கே அப்படி ஒரு வாசல் இல்லை. சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆக்டிவிட்டிபப் என்கிற நெறிமுறை இருக்கிறது. வலைக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதைத் தரமாக அறிவித்தது. அதைப் பேசும் எந்தச் சர்வரும் இன்னொன்றோடு பேசலாம், மின்னஞ்சல் மாதிரி. மாஸ்டடானைத் தொடங்கிய ஓய்கன் ராக்கோவே நினைத்தாலும் எங்கள் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரரிடம் நுழைவுக் கட்டணம் வாங்க முடியாது. அவரவர் சர்வர், அவரவர் விதி. எங்கள் 50 ரூபாய் எங்கள் சர்வருக்கு மட்டும். பக்கத்துச் சர்வரில் சும்மா சேர்ந்து, அங்கிருந்தே எங்களோடு நீங்கள் பேசலாம்.

வலையமைப்பே காசு கேட்பதும் உண்டு. ஃபார்காஸ்டர் என்ற வலையில் எழுதியதைச் சேமித்து வைக்க ஆண்டுக்குச் சில டாலர் நெறிமுறையிலேயே வைத்தார்கள். நாஸ்டர் என்ற வலையில் சில ரிலேக்கள் (பதிவுகளை வாங்கிக் கடத்தும் சர்வர்கள்) காசு வாங்கிக்கொண்டுதான் எழுத விடும். ட்விட்டர் மாதிரியே இருக்கும் ப்ளூஸ்கை இதுவரை காசு கேட்கவில்லை. ஆனால் 2024 அக்டோபரில் 15 மில்லியன் டாலர் முதலீடு வாங்கியிருக்கிறது. போட்டவர்கள் அதைத் திரும்ப எடுக்கத்தான் பார்ப்பார்கள்.

4 ஜூன், மதியம்

திருத்தம். சர்வர் வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை விட்டுவிட்டேன். 1,350-க்கு 243. ஆக மாதம் 2,393 ரூபாய். சொசைட்டிப் புத்தகத்தில் இப்படி விட்டிருந்தால் ஆடிட்டர் விட்டிருக்க மாட்டார்.

6 ஜூன்

வாசலில் காசு வைத்து நடத்திப் பார்த்த கதை ஒன்று. 2012-இல் ஆப்.நெட் என்று ட்விட்டர் மாதிரி ஒன்று வந்தது. ஆண்டுக்கு 50 டாலர். விளம்பரமே கிடையாது, நாங்கள் உங்களுக்கு மட்டும்தான் வேலை பார்ப்போம் என்றார்கள். நல்ல எண்ணம்தான். அடுத்த ஆண்டே இலவசக் கணக்கும் திறந்து பார்த்தார்கள். கூட்டம் சேரவில்லை. 2017 மார்ச்சில் மூடிவிட்டார்கள்.

பேசும் இடத்துக்கு ஒரு குணம் உண்டு. நான் கட்டிவிட்டேன் என்பதால் எனக்குப் பயன் வந்துவிடாது. என் மச்சானும் கட்ட வேண்டும், என் பள்ளிக்கூடச் சிநேகிதியும் கட்ட வேண்டும். பஸ் டிக்கெட் அப்படியில்லை, நான் வாங்கினால் நான் பொள்ளாச்சி போய்ச் சேர்ந்துவிடுவேன்.

அப்படியானால் 50 ரூபாய் தவறா? அந்த முடிவுக்கு இன்னும் வரவில்லை.

9 ஜூன்

பால் சொசைட்டியை வைத்து யோசித்துப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த கூட்டுறவு அதுதான்.

எங்கள் சொசைட்டியில் உறுப்பினராக ஒரு பங்கு வாங்க வேண்டும். பெரிய தொகை இல்லை. பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். அந்த ஓட்டும் பங்கு வாங்கியதால் மட்டும் வந்துவிடாது, ஆண்டில் இத்தனை நாளாவது பால் ஊற்றியிருக்க வேண்டும். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு ஒன்றரை லிட்டர் ஊற்றும் பாட்டிக்கும் இருபது மாடு கட்டியிருக்கிற பண்ணைக்காரருக்கும் பொதுக்குழுவில் கை தூக்கினால் ஒரே கணக்கு. போன ஆண்டு தீவன மானியத்தில் அந்தப் பாட்டி எழுந்து கேட்ட கேள்விக்குத் தலைவர் மறுபடி கணக்குப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார்.

அண்ணா, நீங்கள் கேட்ட "கம்பெனிக்காரனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்" என்பதற்கு நேர்மையான பதில் இங்கே இருக்கிறது. எக்ஸில் நீலக்குறிக்கு 2023 பிப்ரவரியில் இந்தியாவில் மாதம் 650 ரூபாய் வைத்தார்கள், மொபைலில் 900. கட்டினால் குறி வரும், பதிவு மேலே வரும். கேள்வி கேட்கும் உரிமை வராது. நாங்கள் 50 வாங்கினோம். உங்களுக்கு ஓட்டு கொடுத்தோமா? இல்லை. செலவைச் சொன்னோம், விதியை நாங்கள் மூன்று பேரும் ஒரு வாட்ஸாப் குழுவில் பேசி முடிவு செய்தோம். 50 ரூபாயும் வாங்கிக்கொண்டு ஓட்டும் கொடுக்காமல் 14 மாதம் ஓட்டியிருக்கிறோம். இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

வேறு ஊர்களில் இதைச் சரியாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சோஷியல்.கூப் என்ற சர்வர் கூட்டுறவாகவே நடக்கிறது. மாதம் ஒரு பவுண்டிலிருந்து முடிந்ததைக் கொடுக்கலாம், உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு விதிகளை வைக்கிறார்கள். கனடாவில் கோசோஷியல் ஆண்டுக்கு 50 கனடா டாலர் வாங்குகிறது, அதுவும் கூட்டுறவுதான்.

9 ஜூன், இரவு

இலவசம் என்றால் ஸ்பேம் வரும், அதற்காகவாவது வாசலில் காசு வேண்டும் என்று நகரிக்காரர் இப்போது போன் செய்து சொன்னார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2024 பிப்ரவரி எங்களுக்கு மறக்காது. ஜப்பானில் சில பையன்களுக்குள் நடந்த தகராறு உலகம் முழுக்க ஃபெடிவெர்ஸில், அதாவது இப்படி ஒன்றோடொன்று பேசும் சர்வர்களின் வலையில், ஸ்பேமாகக் கொட்டியது. யாரும் கவனிக்காத, யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று திறந்து கிடந்த சின்னச் சின்ன சர்வர்களாகப் பார்த்து, தானாகக் கணக்கு தொடங்கும் நிரலை விட்டார்கள். எங்கள் சர்வரும் அதில் ஒன்று. காலை ஐந்தரைக்குப் பால் எடுக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், எங்கோ டென்மார்க்கில் ஒரு அட்மின் "உங்கள் சர்வரிலிருந்து வருகிறது, தயவுசெய்து பாருங்கள்" என்று எழுதியிருந்தார். ஒரு கையில் பாலின் அடர்த்தி பார்க்கும் லேக்டோமீட்டர், ஒரு கையில் போன். மூன்று நாளில் 400-க்கு மேல் போலிக் கணக்குகளை அழித்தோம். அந்த அலுப்பில்தான் ஏப்ரலில் கட்டணம் வைத்தோம். அதுதான் உண்மையான காரணம், செலவு இரண்டாவது.

10 ஜூன், அதிகாலை

தூக்கம் வரவில்லை. ஸ்பேமுக்குக் காசு மருந்தா?

2022 நவம்பரில் ட்விட்டர் 8 டாலருக்கு நீலக்குறி விற்றது. விற்கத் தொடங்கிய மறுநாளே ஒருவர் 8 டாலர் கட்டி, எலி லில்லி மருந்துக் கம்பெனியின் பெயரில் கணக்கு வைத்து, இன்சுலின் இனி இலவசம் என்று எழுதினார். காசு கட்டியதால்தான் அந்தப் பொய் நம்பும்படி இருந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் நியூசிலாந்திலும் பிலிப்பைன்ஸிலும் புதிதாகச் சேருகிறவர்களிடம் ஆண்டுக்கு ஒரு டாலர் வாங்கிப் பார்த்தது எக்ஸ், போட் (ஆள் இல்லாமல் நிரல் நடத்தும் கணக்கு) வராமல் இருக்க. இன்றைக்கும் அங்கே போட் பஞ்சமில்லை. மறுபக்கம் மெட்டாஃபில்டர் இருக்கிறது. பழைய தளம், சேர ஒரே ஒரு தடவை 5 டாலர், 2004-இலிருந்து. அங்கே அது நன்றாக வேலை செய்தது. ஆனால் அங்கே முழுநேரமாக உட்கார்ந்து படித்துப் பார்க்க ஆட்களும் இருந்தார்கள்.

சொசைட்டியில் பங்கு வாங்கின உறுப்பினர்தான் பால் கொண்டுவருகிறார். அதற்காக லேக்டோமீட்டரை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறோமா? ஒவ்வொரு பாத்திரமும், ஒவ்வொரு வேளையும் பார்க்கிறோம். தண்ணீர் கலந்த பாலைப் பங்குத்தொகை தடுப்பதில்லை, மேசையில் உட்கார்ந்திருக்கிறவர் தடுக்கிறார். சர்வரிலும் அப்படித்தான். பிப்ரவரியில் எங்களிடம் இல்லாமல் போனது காசு இல்லை. சேருகிறவர் யார், எதற்கு வருகிறார் என்று இரண்டு வரி எழுதச் சொல்லி, அதைப் படித்துப் பார்த்து உள்ளே விட ஓர் ஆள்தான் இல்லை. மாஸ்டடானில் அந்த வசதி 2019-இலிருந்தே இருக்கிறது. நாங்கள் போடவில்லை.

11 ஜூன்

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுத மனம் வராமல் செலவுக் கணக்கைப் பேசிக்கொண்டிருந்தேன்.

வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் எங்கள் சர்வரில் இருந்தார். 2023 தொடக்கத்தில் அவருடைய தங்கை மகள் சேர்த்துவிட்டாள். லயத்து வீட்டிலிருந்து தினம் சாயங்காலம் ஒரே வரி எழுதுவார். "இன்று 31 கிலோ. மழை." மறுநாள், "24 கிலோ. அட்டை கடி." சில நாள் எடை மட்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. நகரிக்காரர் ராத்திரி ஷிஃப்டில் தறிக்கு நடுவே அதைப் படித்துவிட்டு, "எங்க தறியில இன்னிக்கு நாலு தடவை நூல் அந்துச்சுக்கா" என்று பதில் போடுவார். கேரள மலையில் ஒருவர், ஆந்திரச் சமவெளியில் ஒருவர், பார்த்துக்கொண்டதே இல்லை. ஓர் ஆண்டுக்கு மேல் இப்படி ஓடியது. நான் கூட அந்தக் கிலோக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். இந்தச் சர்வரை எதற்காகத் தொடங்கினோம் என்று யாராவது கேட்டால் அந்த இரண்டு பேரைத்தான் காட்டுவேன்.

ஏப்ரலில் கட்டணம் வைத்தோம். இரண்டு மாதம் கட்டாதவர் கணக்கு தானாகப் பூட்டிக்கொள்ளும்படி வைத்தோம். ஜூனில் அவர் கணக்கு பூட்டியது. நான் கவனிக்கவில்லை. ஆகஸ்டில் நகரிக்காரர், "கிலோ அக்காவைக் காணோமே?" என்று கேட்டபோதுதான் பார்த்தேன்.

தங்கை மகளுக்குப் போன் செய்தேன். அக்காவையே பேச வைத்தாள். போன் அவருடையது. பேங்க் கணக்கு இணைந்திருப்பது மகன் போனில். ஜிபே அவன் கையில். "அம்பது ரூபா பெரிசில்லங்க. எதுக்குன்னு அவன்கிட்ட சொல்லணுமே, அதுதான்" என்றார். இவ்வளவு நாள் அந்த ஒரு வரியை யாருக்கும் தெரியாமல் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். ஆப்பை எடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"கட்ட முடியாதவர்கள் கேட்டால் தள்ளுபடி உண்டு" என்று எங்கள் விதியில் எழுதியிருந்தோம். முடியாது என்று எழுதிக் கேட்பது 50 ரூபாயை விடக் கனம் என்று தோன்றவே இல்லை எங்களுக்கு.

வாட்ஸாப் ஒரு காலத்தில் முதலாண்டுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு டாலர் என்று வைத்திருந்தது, நினைவிருக்கிறதா? 2016 ஜனவரியில் அதை எடுத்தார்கள். பலரிடம் டெபிட் கார்டோ கிரெடிட் கார்டோ இல்லை, ஓர் ஆண்டு முடிந்ததும் சொந்தக்காரர்களோடு தொடர்பு அறுந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அவ்வளவு பெரிய கம்பெனிக்குப் பிடிபட்டது, வண்டிப்பெரியாறு தெரிந்த எனக்குப் பிடிபடவில்லை.

கட்டணத்துக்கு முன் மாதத்தில் ஒருமுறையாவது எழுதியவர்கள் 94 பேர். இப்போது 60. மாதம் 3,000 வருகிறது, 607 மிச்சம். என் கணக்குப் புத்தகத்தில் அது நல்ல மாதமாகத் தெரிந்தது. போன 34 பேரில் எத்தனை பேர் அக்கா மாதிரி என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

12 ஜூன்

பாறசாலைக்காரர் சொல்கிறார்: "அப்படின்னா எல்லாருக்கும் சும்மா விட்டுடலாமா? நாம மூணு பேரும் மறுபடி கைக்காசு போடணுமா?" அதற்கும் பதில் வேண்டும். சும்மா நடக்கும் இடத்தில் யாரோ ஒருவர் தேய்ந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

எங்கள் மூவர் நேரம் வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் போகிறது. மாதத்தில் ஐந்து நாள் வேலை என்று வையுங்கள். கேரளத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் 2025-26 ஆண்டுக் கூலி 369 ரூபாய். அந்தக் கணக்கில் 1,845. இதை நாங்கள் எந்த மாதமும் செலவில் எழுதியதில்லை. எழுதியிருந்தால் 2,393 என்பது 4,238 ஆகியிருக்கும்.

அதோடு சமூக வலைத்தளங்களுக்கு இந்திய அரசு வைத்த 2021 ஐடி விதிகளும் இருக்கின்றன. சர்வர் சின்னதானாலும் குறைதீர் அலுவலர் என்று ஒருவர் பெயரையும் தொடர்பையும் போட வேண்டும். புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், விதி சொல்லும் நாளுக்குள் தீர்க்க வேண்டும். எங்கள் சர்வரில் அந்தப் பெயர் என் பெயர். மகள் கல்யாணத்தன்று பந்தியில் பரிமாறிவிட்டு வந்து ஒரு புகாருக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

13 ஜூன்

புகார் என்றதும் நினைவு வந்தது. இதைப் படித்தால் எங்கள் மாதிரிச் சர்வர் எதற்கு என்று புரியும்.

பாறசாலைப் பக்கத்து உறுப்பினர் ஒருவர், "என்னைப் பட்டி என்கிறார், நடவடிக்கை எடுங்கள்" என்று புகார் கொடுத்தார். பதிவைப் போய்ப் பார்த்தால் கொழிஞ்சாம்பாறைக்காரர் எழுதியிருந்தது: "உங்க பட்டியில எத்தனை ஆடு?" நமக்குப் பட்டி ஆடு அடைக்கிற இடம், மலையாளத்தில் நாய். ஒருவருக்கொருவர் விளக்கி முடித்து இப்போது இரண்டு பேரும் நல்ல சிநேகிதம்.

அப்புறம் வெள்ளம். மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு என்பது பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம். மூலத்தறைத் தடுப்பணையில் திறந்துவிட்டால் எங்கள் சித்தூர் வயல்களுக்கு உயிர் வரும். ஒருநாள் ஓர் இளைஞர் சந்தோஷத்தில், "சித்தூரில் வெள்ளம் வந்தாச்சு!" என்று போட்டுவிட்டார். மலையாளப் பழக்கத்தில் அவருக்கு வெள்ளம் என்றால் தண்ணீர். ஆந்திரச் சித்தூரில் சொந்தக்காரர் இருக்கிற ஆறேழு பேர் பதறிப்போய் போன் மேல் போன். அன்றிலிருந்து எங்கள் விதிகளில் ஒன்று: சித்தூர் என்று எழுதினால் எந்தச் சித்தூர் என்று சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் எந்தப் பெரிய கம்பெனியின் மென்பொருள் பிரித்துப் பார்க்கும்? காசு இந்த வேலைக்குத்தான் போக வேண்டும்.

16 ஜூன்

காசு கட்டினால் இடம் நிலைக்கும் என்று 3-ஆம் தேதி மனதுக்குள் நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். அதுவும் முழுசா உண்மையில்லை.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவிடம் இல்லாத பணமா? அவர்கள் நடத்திய மாஸ்டடான் சர்வரை 2024 டிசம்பர் 17 அன்று மூடினார்கள். நம் நாட்டில் ட்விட்டர் மாதிரி வந்த கூ, தமிழிலும் இருந்தது, கோடிக்கணக்கில் முதலீடு வாங்கியது, 2024 ஜூலையில் மூடியது. அதில் எழுதிய என் சித்தப்பாவின் கவிதைகள் போயின. 2023-இல் மாஸ்டடான்.லோல் என்ற, 12,000 பேர் அளவில் இருந்த சர்வர் மூடியது காசில்லாமல் அல்ல, சண்டையும் வசவும் நடத்தினவரால் தாங்க முடியாமல்.

கொடுக்கிற காசுக்குப் பதிலாக வேறு இரண்டு உறுதிகளைக் கேட்கலாம். மூடினால் மூன்று மாதம் முன்பே சொல்வது, தினமும் பேக்கப் எடுப்பது. மாஸ்டடானின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெற விரும்பும் சர்வர்கள் இந்த இரண்டையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். அவசரத்துக்கு இன்னொருவரிடமும் சர்வரின் சாவி இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. நாங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் ஒப்புக்கொள்ளலாமே.

வெளியே போகும் வழியும் முக்கியம். மாஸ்டடானில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் நம்மைப் பின்தொடர்கிறவர்கள் கூடவே வருவார்கள். எழுதியது வராது. அக்கா மறுபடி வந்தாலும் புதுக் கணக்கு தொடங்க வேண்டியதில்லை, பூட்டைத் திறந்தால் போதும், அந்த 31 கிலோவும் 24 கிலோவும் எங்கள் டேட்டாபேஸில் அப்படியே இருக்கின்றன. நேற்று போய்ப் பார்த்தேன்.

17 ஜூன்

சின்னக் குறிப்பு. காசு கொடுக்க மனமிருந்தும் கொடுக்க முடியாமல் போவதும் உண்டு. வெளிநாட்டுக் கூட்டுறவுச் சர்வர் ஒன்றுக்கு மாதச் சந்தா கட்ட முயன்றேன். 2021 அக்டோபரிலிருந்து மாதாமாதம் தானாகப் பிடிக்கும் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி வைத்த விதிப்படி தேவையான முன்அனுமதிப் பதிவை என் டெபிட் கார்டு கொடுத்த வங்கி அந்தச் சந்தாவுக்குச் செய்து தரவில்லை. மூன்று தடவை முயன்று விட்டுவிட்டேன். நம் ஊர் ஆட்களுக்கு யுபிஐ-தான், ஒவ்வொரு மாதமும் கையால். மறந்தால் நினைவூட்ட வேண்டும், பூட்டக் கூடாது.

19 ஜூன்

இன்று வாசிப்பு நாள். பி. என். பணிக்கர் நினைவு நாள், கேரளத்தில் 1996-இலிருந்து கொண்டாடுகிறார்கள். 1945-இல் 47 கிராம நூலகங்களை வைத்து அவர் தொடங்கிய சங்கம்தான் பின்னால் இந்த மாநிலம் முழுக்கப் பரவியது.

எங்கள் ஊர் வாயனசாலையில் (நூலகத்தில்) வாசல் திறந்தே இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்க யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. புத்தகம் வீட்டுக்கு எடுத்துப் போகத்தான் உறுப்பினர் சந்தா. கமிட்டித் தேர்தலில் ஓட்டுப் போடவும் அதுவேதான். இருபது ஆண்டு எங்கள் அப்பா அந்த பெஞ்சில் தமிழ்ப் பேப்பர் படித்தார். உறுப்பினர் ஆகவில்லை. கள் இறக்கும் வேலை, கையில் நின்ற காசில்லை. ஆனால் கூரை ஒழுகிய ஆண்டு, தென்னை ஏறத் தெரிந்தவர் என்று அவரைத்தான் கூப்பிட்டார்கள். மேலே ஏறி ஓடு மாற்றிக் கொடுத்தார். அதற்கப்புறம் அவர் வந்தால் பேப்பரைப் பாதியில் மடித்து நீட்டுவார்கள்.

அண்ணா, உங்களுக்குச் சொல்ல வேண்டியது எனக்கு இன்றைக்குத்தான் தெளிவாக வந்தது. சேர காசு வேண்டாம். படிக்க, எழுத, பேச வேண்டாம். நடத்த காசு வேண்டும், அதை முடிந்தவர்கள் தாங்களாகக் கொடுக்க வேண்டும். ஓட்டு காசுக்கு இல்லை, ஊற்றிய பாலுக்கு. மாதம் 50 கொடுப்பதும் பால்தான். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் புகார் பார்ப்பதும் பால்தான். அறிவிப்புகளைத் தமிழில் எழுதித் தருவதும், புதிதாக வருகிறவருக்குப் போனில் சொல்லிக் கொடுப்பதும் அப்படியே. தினம் ஒரு வரி எழுதுவதும் பால்தான் என்பேன் நான்.

20 ஜூன்

நகரிக்காரர்: "எழுதறதெல்லாம் கணக்குல சேர்த்தா நாள் முழுக்க குட்மார்னிங் போடறவருக்கும் ஓட்டு வருமே." சரிதான். தினம் ஒரு வரி எழுதுவதற்கு ஓட்டு என்றதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆறு மாதம் தொடர்ந்து இருந்தவருக்கு ஓட்டு, காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். யார் கொடுத்தார், எவ்வளவு என்பதை வெளியே காட்டப் போவதில்லை. மொத்த வரவும் செலவும் மட்டும்.

24 ஜூன்

கட்டணத்தை நீக்கினால் காசு வராமல் போய்விடுமோ என்று பயந்து 60 பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். கட்டாயம் இல்லை என்று ஆனால் தருவீர்களா, எவ்வளவு?

41 பேர் தருவதாகச் சொன்னார்கள். 28 பேர் 50 ரூபாய். 12 பேர் 100. துபாயில் இருக்கிற நாகர்கோவில்காரர் ஒருவர் 200. மாதம் 2,800. செலவு 2,393. மிச்சம் 407. அதை உதவிக்கு வரும் மாடரேட்டர்களின் (புகார் பார்ப்பவர்களின்) மொபைல் டேட்டாவுக்குக் கொடுக்கலாம் என்று பாறசாலைக்காரர் சொன்னார். நூறு நாள் வேலைக் கூலி கணக்கில் ஒன்றரை நாள் கூட இல்லை. ஆனாலும் முதல் தடவையாக அந்த வேலை புத்தகத்தில் ஏறும்.

பத்தொன்பது பேர் தரவில்லை. ஏன் என்று கேட்கவில்லை.

29 ஜூன், ஞாயிறு இரவு

ஓட்டெடுப்பு முடிந்தது. 47 பேர் கலந்துகொண்டார்கள். வாசல் கட்டணத்தை நீக்குவதற்கு ஆதரவு 33, எதிர்ப்பு 14. எதிர்த்தவர்களில் நகரிக்காரரும் ஒருவர். ஆறு மாதத்தில் பணம் குறைந்தால் மறுபடி பேசலாம் என்பதையும் தீர்மானத்தில் சேர்த்துக்கொண்டோம், அவர் கேட்டதுதான்.

நாளை முதல் சேருகிறவர் இரண்டு வரி எழுதினால் போதும். பூட்டிய 34 கணக்குகளையும் இன்று மாலை திறந்துவிட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒரே செய்தி: "உங்கள் கணக்கு திறந்திருக்கிறது. காசு எதுவும் வேண்டாம். பூட்டியது எங்கள் தவறு." அக்காவின் தங்கை மகளுக்கும் அதையே அனுப்பினேன், எங்கள் சர்வர் பெயரோ ரூபாய் என்ற சொல்லோ போன் திரையில் தெரியாதபடி.

கோவிந்தாபுரம் அண்ணா, உங்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. ஆட்டுப் பட்டி வைத்திருப்பதாக முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் புகார் பார்க்க மலையாளமும் தமிழும் தெரிந்த ஓர் ஆள் எங்களுக்குக் குறைகிறது. ஏழு மணிக்கு, மாலைப் பால் எடுப்பு முடிந்ததும், நான் ஆன்லைனில் இருப்பேன்.